கயித்து மேல உக்காருங்க

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணி. பாறை விளிம்பில் ஒருவர் என்னைப் பார்த்தபடி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர், வயது 52. மகன் ஆசைப்பட்டான் என்று கூட வந்தவர். மகன் இறங்கிப் போய்க் கீழே ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருக்கிறான். அப்பா மேலே மாட்டிக்கொண்டார். இடுப்பில் ஹார்னஸ் என்கிற வார்ப்பட்டை, தலையில் ஹெல்மெட், எட்டு வளையத்தில், அதாவது 8 வடிவத்தில் இருக்கும் இறங்கு வளையத்தில் கயிறு, அது போக என் கையில் தனியாக ஒரு காப்புக் கயிறு. எல்லாம் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது.

"சார், மனசு போலாம்ங்குதுங்க. காலு கேக்க மாட்டேங்குதுங்க."

நாலு வருடத்துக்கு முன்னால் என்றால், "பின்னால சாய்ங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருப்பேன். அவரும் சாய்ந்திருக்க மாட்டார்.

மலையேற்ற இன்ஸ்ட்ரக்டர் ஆவது எப்படி, எங்கே படிக்கணும், எத்தனை நாள் என்று மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். எத்தனை நாள் என்பது சின்ன விஷயம், ஒரே வரியில் முடிந்துவிடும். மாஸ்டரிடம் என்ன சொல்வது என்பதற்குத்தான் எனக்கு நாள் பிடித்தது.

எனக்குப் பல்லடம் பக்கம். வேலை காத்தாடியில், அதாவது காற்றாலையில். கேத்தனூர், பூளவாடி வழியாகப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், சோளக்காட்டுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நிற்குமே, அதில் ஏறி இறங்கும் டெக்னீசியன்களில் நானும் ஒருவன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு வைகாசியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் ஓய்வு கிடையாது, எங்களுக்கு லீவும் கிடையாது. 80 மீட்டர் கோபுரம், உள்ளே செங்குத்தாக ஏணி. ஒரே நாளில் மூன்று தடவை ஏறி இறங்கியதும் உண்டு. அதனால் உயரமெல்லாம் நமக்கு எம்மாத்திரம், பாறையேறுவதும் சும்மா வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோயமுத்தூர் நண்பர்கள் இரண்டு பேர் ஒரு நாள் பாறைக்குக் கூட்டிப்போனார்கள். ஏணிப் பழக்கத்தில் கையால் இழுத்து இழுத்து ஏறினேன். பதினைந்து அடிகூடத் தாண்டவில்லை, முன்கை இரண்டும் மரத்துப்போய் விரல் விரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு காலேஜ் பொண்ணு, என் எடையில் பாதி இருக்கும், குதிகாலைத் தாழ்த்தி உள்ளங்காலைப் பாறையில் ஒட்டவைத்து, கையைச் சும்மா சமநிலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு படி ஏறுகிற மாதிரி போனாள். நம்மூர்ப் பாறைகள் பெரும்பாலும் சரிவான வழுவழுப்புப் பாறைகள். பிடிக்க ஒன்றும் இருக்காது, மிதிக்கத்தான் இடம். அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு தைமாசம் முழுக்கப் போனது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. காத்தாடியில் எங்களுக்கு இரண்டு கொக்கி. ஒன்றைக் கழற்றுவதற்கு முன்னால் இன்னொன்று மாட்டியிருக்க வேண்டும். தவறி விழுந்தால் அதிர்ச்சி தாங்கும் பட்டை பிரிந்து நீண்டு, உடம்பில் இறங்குகிற அடியை 6 கிலோநியூட்டனுக்குள், அதாவது கிட்டத்தட்ட 600 கிலோ இழுவைக்குள் நிறுத்திவிடும். இங்கே பார்த்தால் ஒரே ஒரு கயிறு. "இதென்ன ஒத்தக் கயித்துல உசுரக் கட்டறீங்க" என்று கேட்டேன். ஏறுகிறவருக்குக் கட்டுகிற கயிறு விழும்போது ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும், அந்தப் பட்டையின் வேலையைக் கயிறே செய்கிறது, இறங்குவதற்கு மட்டும் நீளாத கயிறு என்று விளக்கினார்கள். கொஞ்ச நாளில் கயிற்றைத் தடவிப் பார்த்தே எது எந்த ரகம் என்று சொல்கிற அளவுக்குப் பைத்தியமாகிவிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் ஆகணும் என்கிற எண்ணம் அப்போது வந்ததுதான்.

ஒரே வரி என்று சொன்னேனே, அது இதுதான். டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சிக் கழகம், மணாலியில் இருப்பது என்று அரசுப் பள்ளிகள் இருக்கின்றன; நான் போன உத்தரகாசியில் முதலில் 28 நாள் அடிப்படைப் படிப்பு, பி.எம்.சி., அதில் 'ஏ' கிரேடு வாங்கினால் 28 நாள் மேல்நிலைப் படிப்பு, ஏ.எம்.சி., அதிலும் 'ஏ' வாங்கினால் 21 நாள் எம்.ஓ.ஐ. கடைசியில் சொன்னதுதான் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்கிற படிப்பு. ஆகமொத்தம் 77 நாள். எனக்கு மூன்று வருடம் ஆனது. இடம் கிடைப்பதே பெரும்பாடு, மாதக்கணக்கில் முன்னாலேயே பதிந்து வைக்க வேண்டும். கிடைக்கிற தேதி காத்து சீசனில் வந்தால் நமக்கு ஆகாது.

அம்மாவுக்கு விஷயமே பிடிபடவில்லை. "எதுக்குக் கண்ணு அத்தன தூரம்? மலதான வேணும்? சென்னிமலைக்குப் போ, சிவன்மலைக்குப் போ. சாமியும் கும்புட்ட மாதிரி ஆச்சு." கடைசியில் ஒரு டப்பா கச்சாயம் சுட்டுக் கொடுத்து அனுப்பினார். ரயில் டெல்லி போவதற்குள் அது தீர்ந்துபோனது.

உத்தரகாசியில் முதல் சில நாள் தேக்லா என்கிற இடத்தில் பாறைப் பயிற்சி. நான் பெரிய ஆள் மாதிரி போனேன். ஹார்னஸ், எட்டு வளையம் எல்லாம் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, வெறும் கயிற்றை உடம்பில் சுற்றி இறங்கச் சொன்னார்கள். கயிறு தொடைக்கு நடுவே போய், ஒரு பக்க இடுப்பைச் சுற்றி, மார்புக்குக் குறுக்கே மேலேறி, எதிர்த்தோள் வழியாக முதுகில் இறங்கிக் கைக்கு வரும். உடம்புதான் பிரேக். வேகமாகப் போனால் தோள் வேகும். எனக்கு வெந்தது. ஊருக்கு வந்து ஒரு மாதம் வரைக்கும் கழுத்தோரம் சாட்டையால் அடித்த மாதிரி தடம் இருந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று கேட்டார்கள். ஆனால் கயிற்றின் உரசல் எவ்வளவு பெரிய விசை என்பதைத் தோல் உரிந்து தெரிந்துகொண்டவன் அப்புறம் மறப்பதில்லை. பின்பு மேலே பனிக்குப் போனோம், சுமை தூக்கினோம், குளிரில் நடுங்கினோம். அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் பாறைக்காரன், விட்டுவிடுகிறேன்.

அடுத்த படிப்புக்குப் பெயர் கொடுக்க நினைத்த சமயத்தில்தான் 2022 அக்டோபர் 4. திரௌபதி கா டண்டா சிகரத்தில் பனிச்சரிவு. அதே உத்தரகாசிப் பள்ளியின் ஏ.எம்.சி. பயிற்சிக்குப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. சொல்லிக்கொடுப்பவர்களும் அதில் இருந்தார்கள். அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா டிவியை அணைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. பின்பு போனேன், முடித்தேன், 'ஏ' வந்தது. அம்மாவிடம் என்ன சொல்லி அனுமதி வாங்கினேன் என்பதை இங்கே எழுத முடியாது, அவர் மருமகளிடம் இதைப் படித்துக் காட்டச் சொல்லுவார்.

எம்.ஓ.ஐ.தான் என்னை உண்மையில் ஆட்டி வைத்தது. அங்கே நீ எவ்வளவு நன்றாக ஏறுகிறாய் என்பது யாருக்கும் பெரிதில்லை. நின்று பாடம் நடத்தணும். சக மாணவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள், உஸ்தாத், அதாவது பயிற்சி ஆசிரியர், ஓரமாக நோட்டோடு நிற்பார். எனக்கு வந்த தலைப்பு ராப்பலிங், கயிற்றில் இறங்குவது. வரலாற்றை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பிரான்சில் ஷமோனி பக்கத்து வழிகாட்டி ஷார்லே 1876-ல் பெட்டி ட்ரு என்கிற சிகரத்தில் தனியாக ஏறப் பார்த்து, முடியாமல் திரும்பும்போது கண்டுபிடித்த உத்தி இது என்பார்கள். மூன்று வருடம் கழித்து, 1879-ல், அதே சிகரத்தின் உச்சியை அவர் தொட்டார். ஏற முடியாமல் போனதில்தான் இறங்குகிற வழி கிடைத்தது என்று என் அரைகுறை இந்தியில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். தைரியம் வந்துவிட்டது.

பின்பு செய்முறை. அஸ்ஸாம்காரப் பையன் ஒருவன் பயந்தவன் மாதிரி விளிம்பில் நின்றான். 'பின்னால் சாய்' என்பதற்கு இந்தியில் 'பீச்சே ஜுக்கோ'. அது எனக்கு நன்றாகத் தெரியும். வாயில் வந்தது 'பீச்சே கிரோ'. கிரோ என்றால் விழு. நான் ஒரு தடவை சொல்லவில்லை, அக்கறையோடு, கையை வேறு ஆட்டி ஆட்டி, நாலு தடவை "விழு தம்பி, பின்னால் விழு, பயப்படாமல் விழு" என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். வகுப்பே உருண்டது.

உஸ்தாத் சிரிக்கவில்லை. எல்லோரும் அடங்கிய பிறகு அவர் சொன்னதன் சாரம் இது: இவன் தப்பாகச் சொன்னது நல்லதாகப் போயிற்று. பயந்து நிற்கிறவன் காதில் நீங்கள் சரியாக 'ஜுக்கோ' என்று சொன்னாலும் 'கிரோ' என்றுதான் விழும். உங்கள் ஊரில், உங்கள் பாஷையில், அவன் காதில் வேறு மாதிரி விழுகிற ஒரு சொல்லைத் தேடுங்கள்.

அதைத் தேடிக்கொண்டே ரயிலேறினேன். யோசித்தால் தமிழில் இன்னும் மோசம். "பெரியவரு நேத்து சாஞ்சுட்டாரு" என்றால் நம்மூரில் என்ன அர்த்தம்? காற்றில் தென்னை சாய்ந்தது, கடனில் கம்பெனி சாய்ந்தது. சாய்வது எதுவும் நல்லதுக்கில்லை. அப்படிப்பட்ட சொல்லை எடுத்து, அறுபது அடிப் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறவரிடம் "சாய்ங்க" என்றால் அவர் கால் எப்படிக் கேட்கும்?

சொற்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும். பாறையில் ஏறுகிறவரும் கயிறு பிடிக்கிறவரும் பல நேரம் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கத்தித்தான் பேச வேண்டும். காற்றில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் மிஞ்சும். ஆரம்பத்தில் நாங்கள் 'கயிற்றை இறுக்கு', 'கயிற்றை இறக்கு' என்று இரண்டையும் வைத்திருந்தோம். எழுதிப் பார்த்தாலே தெரிகிறதல்லவா? ஒரு நாள் ஒருவர் மேலிருந்து "இறுக்கு" என்று கத்த, கீழே இருந்தவர் நல்ல பிள்ளையாக அவரை இறக்க ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை, மெதுவாக. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் இறுக்க வேண்டுமென்றால் 'புடி'. தளர்த்த வேண்டுமென்றால் 'தொய்வு'. கீழே விட 'எறக்கு'. கயிற்றிலிருந்து கழன்றுவிட்டேன் என்பதற்கு 'உட்டாச்சு'. ஒன்று இன்னொன்று மாதிரி ஒலிக்காது. ஆங்கிலத்திலேயே சொல்லலாமே என்பார்கள். சொல்லலாம், ஆனால் பதறும்போது வாயில் என்ன பாஷை வருமோ அதில்தான் கட்டளை இருக்க வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்து மூன்றாவது மாதம் நான் செய்த தப்பைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. ஒரு கல்லூரி முகாம். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. நாற்பது பேர், வெயில் ஏறுவதற்குள் எல்லோரையும் இறக்க வேண்டும். அவசரத்தில் இறங்குகிற கயிற்றை மேலே 8 வடிவ முடிச்சுப் போட்டுக் கெட்டியாகக் கட்டிவிட்டேன். பதினேழாவதோ பதினெட்டாவதோ ஒரு ஈரோட்டுப் பொண்ணு. நீளமான சடை, கனகாம்பரம் வேறு. ஹெல்மெட் போடும்போது சடையை உள்ளே செருகச் சொன்னேன், செருகிய மாதிரி இருந்தது. விளிம்புக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு அடி போனதும் காலைப் பார்க்கக் குனிந்தாள். சடை வெளியே விழுந்து கயிற்றோடு சேர்ந்து எட்டு வளையத்துக்குள் போய்விட்டது.

அவள் எடை முழுக்க அந்தக் கயிற்றில். எடை இருக்கிறவரைக்கும் சடை வராது. காப்புக் கயிறு என் கையில் இருந்தது, அதனால் விழ மாட்டாள். ஆனால் அவளை அரையடியாவது மேலே தூக்கினால்தான் வளையம் தளரும். பின்னால் இருந்து யாரோ "கத்தி எடுத்துட்டு வாங்கடா" என்றார். பாரம் தாங்கி விறைத்து நிற்கிற கயிற்றில் கத்தி முனை பட்டால் போதும், பூசணிக்காய் மாதிரி பிளந்துவிடும். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. கீழிருந்து அழுகையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் ஒரு குரல்: "ஏனுங்ணா, முடி போனாப் போகுதுங்ணா. கயித்த மட்டும் வெட்டிப்போடாதீங்ணா."

காப்புக் கயிற்றில் சின்னக் கயிற்றால் சுருக்குப் போட்டு, கப்பி வைத்து, ஒரு பங்கு இழுத்தால் மூன்று பங்கு தூக்குகிற மாதிரி அமைத்து, மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். பதினாலு நிமிடம். ஹார்னஸில் அசையாமல் தொங்குவது உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று காத்தாடிப் பயிற்சியில் படித்தவன் நான். ஒவ்வொரு நிமிடமும் எண்ணிக்கொண்டே, "காலை ஆட்டும்மா, பாறையை ஒதச்சுக்கிட்டே இரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வந்தாள். கொஞ்சம் முடியும் பூவும் வளையத்தில் தங்கியது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, இருபது விநாடி வேலை. கயிற்றை மேலே கெட்டியாகக் கட்டாமல், பாரம் இருக்கும்போதே அவிழ்த்து விடக்கூடிய முடிச்சில் கட்டிவைக்க வேண்டும். எது சிக்கினாலும் காப்புக் கயிற்றை நிறுத்திவிட்டு, அந்த முடிச்சை அவிழ்த்து, இறங்கு கயிற்றைக் கொஞ்சம் விட்டால் ஆளின் எடை காப்புக்கு மாறிவிடும், வளையம் தளர்ந்துவிடும். எனக்குத் தெரியாததல்ல. எம்.ஓ.ஐ.யில் இதை நானே செய்து காட்டி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு நாற்பது பேர் என்கிற எண்ணிக்கையும் வெயிலும் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. இப்போதெல்லாம் ஒரே ஒரு ஆள் இறங்கினாலும் அந்த முடிச்சுத்தான். சடை, துப்பட்டா, தாலிக்கொடி, தாடி எல்லாம் உள்ளே. தாடிக்காரர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

அந்த முகாம் முடிந்து வந்த வாரம் ஒரு மாதிரி இருந்தேன். கயிற்றை எல்லாம் ஆசாரத்தில் போட்டு ஒவ்வொரு முழமாக வளைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்நூல் நைந்திருந்தால் அந்த இடத்தில் மெத்தென்று மடங்கும். அப்பாரு, அதாவது என் தாத்தா, கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயது 87. மின் மோட்டார் வருகிறவரைக்கும் எங்கள் கிணற்றில் கவலை ஓட்டியவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மாடு இரண்டும் சரிவான வாரியில் இறங்கி நடக்கும், வடக்கயிறு உருளை வழியாக, சால் என்கிற தண்ணீர்ப் பாத்திரத்தைக் கிணற்றுக்குள்ளிருந்து மேலே தூக்கும். ஓட்டுகிற ஆள் மாடு இறங்கும்போது அந்த வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து போவார். தண்ணீர் கொட்டியதும் இறங்கி, மாட்டைப் பின்னால் நடத்திக்கொண்டு வருவார்.

சட்டென்று அது ஞாபகம் வந்து கேட்டேன். "அப்பாரு, வடத்து மேல உக்காரறப்ப பயமா இருக்காதுங்களா?"

"என்ன பயம்? நாம உக்காந்தா மாட்டுக்குப் பாரம் கொறையும். சாலு வெசையா மேல வரும்."

"மொத மொதல்ல உக்காந்தப்ப?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "மொத நாளு எங்கைய்யங்கிட்டத் திட்டு வாங்குனேன். பயந்துக்கிட்டுப் பாதி உக்காந்து பாதி நின்னேனாக்கும். அப்புடி இருந்தா வடம் தூக்கிக் கடாசிப்போடும். எங்கைய்யன் சொன்னாரு, 'உக்காந்தாக் கயித்து மேல முழுசா உக்காரு. இல்லாட்டி எறங்கி நட.'"

கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டேன். விளிம்பில் ஆட்கள் அடிபடுவது எப்போதும் அந்தப் பாதியில்தான். பயத்தில் உடம்பைப் பாறையோடு ஒட்டி, முட்டியை மடக்கி, பாதி எடையைக் கயிற்றிலும் பாதியைக் காலிலும் வைத்தால் கால் வழுக்கும், முகம் போய்ப் பாறையில் இடிக்கும். இடுப்பை முழுசாகக் கயிற்றில் உட்காரவைத்தால் கால் தானாக நீண்டு, உள்ளங்கால் பாறையில் பதியும். எனக்கு இது பாடமாகத் தெரியும். அதற்குச் சொல் அப்பாருவிடம் இருந்தது. சாயச் சொன்னால் ஆட்கள் மிரள்கிறார்கள். உட்காரச் சொன்னால் யாரும் மிரள்வதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் நாம் முதலில் சொல்வதே அதுதானே, "வாங்க, உக்காருங்க."

கயிறு என்றதும் அம்மா ஞாபகம் வருகிறது. புதுசாக வாங்கிய 50 மீட்டர் கயிறு ஒன்றைப் பிரிக்காமல் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வைத்திருந்தேன். ஒரு நாள் கட்டுத்தரையில் பார்த்தால் கன்றுக்குட்டி நீலமும் வெள்ளையுமாக ஒரு கயிற்றில் நிற்கிறது. "அத்தன நீளம் கெடந்துது சாமி, நாலு மொழந்தான் அறுத்தேன்" என்றார் அம்மா. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் கயிற்றின் நீளம் தெரியாமல் இறங்கி, முனை தீர்ந்து, அப்படியே வெளியே நழுவிப்போய்ச் செத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கயிற்றின் கடைசி முனையில் ஒரு முடிச்சுப் போட்டுவைத்தால் அது வளையத்தில் வந்து நின்றுவிடும். அந்த முடிச்சை நான் மறக்காமல் போடுவதற்குக் கன்றுக்குட்டிதான் காரணம். அந்தக் கயிறு இன்னும் அதன் கழுத்தில்தான் இருக்கிறது, இப்போது அது பசு.

பாறையைப் படிப்பது எந்தப் பள்ளியிலும் முழுசாகக் கிடைக்காது. கல்குவாரியில் முப்பது வருடம் இருந்த பெரியப்பா ஒருவர் சுத்தியலால் தட்டிக் காட்டினார். கணீரென்று கேட்டால் உடம்பு ஒன்றாக இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே பொள்ளல், வெயிலில் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து நிற்கிற பலகை, அதில் ஆணியும் அடிக்காதே, கையும் வைக்காதே. இரண்டு இடத்தில் பிடிமானம் கட்டும்போது நடுவே எவ்வளவு கோணம் வைப்பது என்பதை நான் குடத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பேர் பக்கத்தில் நின்று ஒரு குடத்தைத் தூக்கினால் ஆளுக்குப் பாதி. தள்ளித் தள்ளி நின்று தூக்கிப் பாருங்கள், கை பிய்ந்துவிடும். 60 பாகையில் ஒவ்வொரு பக்கமும் 58 சதவீதம், 120 பாகையில் ஒவ்வொரு பக்கமும் முழு எடை. கணக்கு எழுதினால் தூங்குகிறவர்கள் குடத்தைத் தூக்கச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

அப்புறம் தேனீ. நம்மூர்ப் பாறைகளில் ஆளைக் கொல்லக்கூடியது உயரத்துக்கு அடுத்தபடியாக மலைத்தேனீதான். பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்துக்கு அடியில் கறுப்பாய் முறம் மாதிரி தொங்கும். கயிற்றில் இருக்கிறவர் ஓட முடியாது. முதல் நாளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிடுவேன், கூடு இருந்தால் அந்தப் பாறை அன்றைக்குத் தேனீயினுடையது.

நான் போகிற பாறையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். போன வருடம் ஒருவர் வீடியோ போட்டார், அடுத்த மாதம் அடிவாரம் முழுக்க பிரியாணிப் பொட்டலம். சங்ககிரியில் இறங்கலாமா, நாமக்கல்லில் இறங்கலாமா என்றும் கேட்கிறார்கள். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை சங்ககிரி. நாமக்கல் பாறையில் நரசிம்மரும் அரங்கநாதரும் குடைவரைக்குள் இருக்கிறார்கள். இரண்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோட்டைகள். படியில் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். காட்டுக்குள் இருக்கும் மலை என்றால் வனத்துறையிடம் எழுதி வாங்காமல் போகக்கூடாது. இதையெல்லாம் அலைந்து வாங்குவதும் இன்ஸ்ட்ரக்டர் வேலைதான். ஆபீஸ் வாசலில் காத்திருப்பது எனக்கு விளிம்பில் நிற்பதைவிடக் கஷ்டம்.

மாஸ்டருக்கு வருகிறேன். அவர் பக்கத்தில் போய் நானும் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டேன். நின்றுகொண்டு சொன்னால் உத்தரவு மாதிரி இருக்கும்.

"மாஸ்டர், துணி வெட்டறப்ப எத்தன மணி நேரம் நிப்பீங்க?"

"பன்னெண்டு மணி நேரமுங்க."

"கால் வலிக்குமே. செரி, இப்ப உக்காருங்க."

"எங்கீங்க?"

"கயித்து மேல. இடுப்புல இருக்கறது நாற்காலியாட்டந்தான். சித்த உக்காருங்க. கால அகட்டி வெச்சுக்குங்க. பாதி உக்காரக் கூடாது, முழுசா உக்காரோணும்."

முட்டி மடங்கியது. ஹார்னஸ் கிறீச்சென்றது. கயிறு அவர் எடையை வாங்கிக்கொண்டு விறைத்தது. கண்ணை மூடியிருந்தவர் திறந்து பார்த்தார். பாறைக்கு நேர்குத்தாகக் கால் இரண்டும் நீண்டு, வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அட. உக்காந்துட்டனுங்க."

"அப்படியே வலது கைய இடுப்புக்குப் பின்னால வெச்சு, கயித்தக் கொஞ்சங் கொஞ்சமா உடுங்க."

பாதி வழியில் நின்று மகனைக் கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொன்னார். கீழே போனதும் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பின்பு "உட்டாச்சு" என்று ஒரு குரல் பாறையில் மோதி மேலே வந்தது.

மகன் எடுத்த வீடியோவை அன்று சாயங்காலம் அப்பாருவிடம் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

"நல்லாத்தான் உக்காந்திருக்கான்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் யோசித்துக் கேட்டார், "மாடு எங்கடா?"